எண்ணிக்கை பயனாகுமா?

சீர்காழியிற் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதனார், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து நெறிகளை வகுத்தளித்தார். நூல் பயன்கொள்வதற்கே என்பதும், படிப்பவரின் பொழுதை வீணாக்கலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். தாளேட்டு நாளில் எழுந்த அந்நெறிகளே இற்றை இணைய நூலகத்திற்கும் உரைகல்லாகும்.

2024 நவம்பர் 25-ஆம் நாள், 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்திற்கு நடுவணமைச்சரவை இசைவளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகட்கு 6,000 கோடி உருபா; 30 வெளியீட்டகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள்; 6,300-க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். வரவேற்கத் தக்கதே. ஆயினும், வாயில் திறந்தமை வேறு. புகுந்தவன் வேண்டியது பெற்று மீண்டமை வேறு.

அதனை எங்ஙனம் அளக்கின்றனர்? எத்தனைபேர் புகுந்தனர், எத்தனைக் கட்டுரைகளை இறக்கிக்கொண்டனர் என்று எண்ணுகின்றனர். 2002-இல் தோன்றிய 'கவுண்ட்டர்' அமைப்பின் நெறி இதற்கெனவே அமைந்தது. உரிமமின்மையால் திருப்பப்பட்டோரையும் அது எண்ணும். தேடும் வழியறியாது வெறுங்கையொடு மீண்டவனை அவ்வெண்ணிக்கை அறியாது.

அமெரிக்க ஆய்வு நூலகங்கள் 2000-இல் தொடங்கிய 'இலிப்குவால்' அளவீடு ஒருபடி மேலானது. 22 வினாக்கள், ஒவ்வொன்றற்கும் மூன்று விடைகள்: குறைந்தது எவ்வளவு வேண்டும், விரும்புவது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு? கிடைப்பது குறைந்த அளவிற்கும் தாழுமாயின் அங்கே குறை வெளிப்படும். படிப்பவனையே நடுவனாக அமர்த்தும் முறை இது.

எம்மிடம் பள்ளியிற் பயின்ற மாணவி ஒருத்தி, இன்று தமிழ் முதுகலை படிப்பவள், தன் கல்லூரி நூலகத்தின் இணையப் பட்டியலில் இலக்கண நூலொன்றைத் தமிழெழுத்தில் தேடினாள். 'இல்லை' என விடை வந்தது. நூலோ அடுக்கில் இருந்தது! அதன் பெயர் உரோம எழுத்தில் ஏற்றப்பட்டிருந்தது. அமெரிக்க நூலகங்கள் நம் ழகரத்தைக் கீழ்க்கோடிட்ட உரோம எழுத்தொன்றால் குறிக்கின்றன. அவர்க்கு அது முறையாகலாம். தமிழ் மாணவர்க்குத் தமிழ்நூலைத் தமிழ்நாட்டில் காட்டுதற்கு அவ்வேடம் எதற்கு? ஒருங்குறியில் தமிழ் 1991-ஆம் ஆண்டே இடம்பெற்றுவிட்டதே! அம்மாணவி வெறுங்கையொடு மீண்ட அத்தேடலும் அன்றைய கணக்கில் 'பயன்பாடு' என்றே ஏறியிருக்கும். எத்துணைப் பெரிய பொய்க்கணக்கு இது!

ஆகலின், பல்கலைக்கழக நூலகத்தார் செய்யவேண்டுவன இவை: தமிழ்நூற் பெயர்களைத் தமிழெழுத்திலேயே பட்டியலில் ஏற்றுக. விடை கிட்டாத தேடல்களைத் திங்கள்தோறும் தொகுத்துக் காரணங் காண்க. மாணவர் கருத்தறியும் வினாக்களைத் தமிழிலும் தருக. சிற்றூரிலுள்ள மாணவன் தன் கைப்பேசிவழியே நூலகம் புகத் துணைசெய்க. முதலாண்டிலேயே தேடும் முறையைக் கற்பிக்க. அளந்து கண்ட குறைகளை மறையாது வெளியிடுக.

தமிழன்பர்களே! நும் மக்கள் கல்லூரி நூலகத்துள் இணையவழிப் புகும்பொழுது, "என்ன தேடினாய்? கிடைத்ததா?" என்று கேளுங்கள். கிடைக்கவில்லையெனின், நூலகர்க்கு ஒரு மடல் எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை உரைக்காத உண்மையை அம்மடல் உரைக்கும். கேட்பார் இருப்பின் குறை களையப்படும். கேளாதிருப்பின் எண்ணிக்கை மட்டுமே வளரும்.