யாஷிகா டி வாங்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஓர் இளைஞர் யாஷிகா டி கேமராவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "யாஷிகா டி-ன்னாலே நாலு கண்ணாடி லென்ஸ்தான் தம்பி, அதான் இந்த விலை" என்றார் கடைக்காரர். இளைஞரும் இணையத்தில் அப்படித்தான் படித்திருந்தாராம்.

பாதிதான் உண்மை. 1958-ல் வந்த யாஷிகா டி-யில் இருந்தது யாஷிகார். அதில் மூன்றே கண்ணாடிகள். 1970 வாக்கில்தான் அதே கேமராவுக்கு யாஷினான் வந்தது. அது டெஸ்ஸார் வகை, நான்கு கண்ணாடிகள். கேமராவின் பெயர் மாறவில்லை, உள்ளே இருப்பது மாறிவிட்டது.

லென்ஸ் வளையத்தில் பெயர் இருக்கும். ஆனால் பத்துக் கை மாறிய கேமராவில் வளையமும் மாறியிருக்கலாம். அதனால் நான் நம்புவது டார்ச்சைத்தான்.

ஃபிலிம் இல்லையென்று உறுதி செய்துகொண்டு பின்மூடியைத் திறங்கள். ஷட்டர் மூடியே இருக்கட்டும். செல்போன் டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்து, லென்ஸின் பின்பக்கம் அடியுங்கள். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். பின்னால் ஒற்றைக் கண்ணாடி என்றால் இரண்டு ஒளிப்புள்ளிகள். டெஸ்ஸார் வகையில் அங்கே இரண்டு கண்ணாடிகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டிய இடத்தில் காற்று இல்லாததால், இரண்டு புள்ளிகளோடு மங்கலாக மூன்றாவது ஒன்றும் தெரியும். பத்தாம் வகுப்பில் படித்த ஒளியியல்தான் இது.

அந்தக் கேமராவில் மூவரும் எண்ணினோம். இரண்டுதான். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். விலை இறங்கியது.

அதற்காக மூன்று கண்ணாடி மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். துவாரத்தை முழுதாகத் திறந்தால் படத்தின் ஓரங்கள் கொஞ்சம் மங்கும். எஃப் 8, எஃப் 11 வைத்தால் வித்தியாசம் காண்பது கஷ்டம். தாராளமாக வாங்குங்கள், ஆனால் அதற்குரிய விலையில்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் எத்தனையோ வீட்டுப் பரண்களில் அப்பாவின் கேமரா தூங்குகிறது. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் அதே வெளிச்சத்தில் தெரிந்துவிடும். கையில் இருப்பது என்னவென்று தெரிந்து விற்றால், பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.