மடை யார் கையில்?

இணைய இதழ்களில் மாதம் தவறாமல் ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. செல்போன் நம் கவனத்தைச் சிதறடித்துவிட்டது, இடையறாத தனிமைதான் படைப்பாளிக்கு மோட்சம் என்று. எழுதுகிறவர்களுக்குக் குறுக்கீடு என்பது கெட்ட வார்த்தை. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் 'இன்டரப்ட்' என்கிற அதே குறுக்கீடு இல்லாவிட்டால், நீங்கள் இதை வாசிக்கும் கருவியில் நியாயம் என்று ஒன்று இருக்காது.

கோம்பை மாதிரி மலையடி ஊரில் பங்குக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாலு பங்காளிக்கு ஒரு கிணறு. முறை முடிஞ்சா மடையை மாத்தணும். "இன்னும் ரெண்டே பாத்திண்ணே, பாஞ்சிரட்டும்" என்பான் தம்பி. அந்த ரெண்டு பாத்தியில்தான் ரெண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை அற்றுப்போகும்.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1 இந்த 'ரெண்டு பாத்தி'யை நம்பி ஓடியது. ஒரு செயலி தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை. இதற்கு 'கோஆபரேட்டிவ் மல்டிடாஸ்கிங்' என்று பெயர். பேரில் கூட்டுறவு இருந்தது. ஆனால் ஒரு செயலி முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டால் மற்றவையும் அதோடு சேர்ந்து உறைந்தன. எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் மட்டும் நடக்கிற அமைப்பு அது.

இதற்கு மாற்று, நல்ல செயலிகளைத் தேடுவது இல்லை. வன்பொருளில் ஒரு டைமர் இருக்கிறது. கெர்னல் அதில் ஒரு கெடு வைத்துவிட்டுச் செயலியிடம் சிபியுவைக் கொடுக்கிறது. கெடு முடிந்ததும் டைமர் தட்டும். செயலி எந்த வரியில் நின்றது, பதிவேடுகளில் என்ன எண்கள் இருந்தன என்பதெல்லாம் குறித்துவைக்கப்படும். கட்டுப்பாடு கெர்னலுக்குத் திரும்பும். அடுத்து யார் என்று அது தீர்மானிக்கும். செயலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அந்தத் தட்டலை அணைத்துவைக்கும் கட்டளை சாதாரணச் செயலிக்குக் கிடையாது. மீறிப் போட்டால் சிபியுவே தடுக்கும். பிடுங்கப்பட்டவனுக்கும் நஷ்டமில்லை. அவன் முறை வரும்போது விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

குறுக்கீட்டுக்குச் செலவே இல்லையா? உண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் நேரம் போகிறது, கேஷ் கலைகிறது. அதனால்தான் லினக்ஸ் 2007-இல் வந்த 2.6.21 பதிப்பிலிருந்து, சிபியு சும்மா இருக்கும்போது வழக்கமான தட்டலையே நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டது. கெர்னலுக்கும் இடையறாத நேரம் தேவைப்படும். ஒரு பட்டியலைப் பாதி திருத்திக்கொண்டிருக்கும்போது குறுக்கீடுகளைத் தடுத்துவைக்கும். ஆனால் அதை முடிந்தவரை சுருக்கமாக முடித்துவிட்டுத் திறக்க வேண்டும். நீட்டினால் அது கெர்னலில் பிழை, திருத்தப்பட வேண்டியது.

நம் தனிமைப் பிரசங்கிகள் இந்தக் கணக்கைக் காட்டுவதே இல்லை. ஒருவர் நாலு மணிநேரம் இடையறாமல் எழுதுகிறார் என்றால், அந்த நாலு மணிநேரமும் சிலிண்டர்காரருக்குக் கதவு திறந்தது யார், பிள்ளை அழுததும் எழுந்து போனது யார்? பெரும்பாலும் வீட்டில் ஒரு பெண். அவள் முறை எப்போது வரும்? தனிமையைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில் அவளுக்கு ஒரு வரி உண்டா?

செல்போன் நச்சரிப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அங்கே தட்டுகிற கெடுவை வைப்பது, நம் கவனத்தை விற்றுக் காசு பார்க்கிற கம்பெனி. கிணற்றில் பங்கே இல்லாதவன் மடையைத் திறக்கிற கதை அது. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் திட்டிவிட்டு எல்லாக் குறுக்கீட்டையும் ஒழிக்கக் கிளம்பாதீர்கள். முறை முடிந்தும் பாய்ச்சிக்கொண்டிருப்பவனுக்கு, மடையை மாற்ற வருகிறவன் எப்போதும் தொந்தரவாகத்தான் தெரிவான். கடைசி வயலில் மண்வெட்டியோடு காத்திருப்பவனைக் கேட்டுப் பாருங்கள்.