'ஏகமனதாக' என்று நானே எழுதியிருக்கிறேன்

இந்தப் பதிவில் கொஞ்சம் கோபம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "நகராட்சிக் கூட்டத்துல அப்படி என்ன சார் நடந்துடும்? காபி குடிச்சிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடங்கள் அந்தக் காகிதங்களைத் தயாரித்தவன் நான். எந்த ஊர் என்பது வேண்டாம்.

கூட்டப் பொருள்கள் எப்படி இருக்கும் தெரியுமா? ஐந்தாவது வார்டில் சிறுபாலம். குடிநீர் மோட்டார் பழுது பார்த்த செலவு. தினசரி சந்தை குத்தகை. தெருவிளக்கு ஒப்பந்தம். ஒவ்வொன்றின் கீழும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்று எழுதுவோம். செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்றால் பின்னேற்பு. அவசரமென்றால் கூட்டம் நடக்கும்போதே மேசையில் வைக்கிற டேபிள் அஜெண்டா. நாற்பது பொருள்கள் அரை மணி நேரத்தில் முடிந்த நாட்கள் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் "ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது" என்ற வரியைக் கூட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்த கை இது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

உறுப்பினர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பார்வையாளர் பெஞ்சு காலியாக இருந்தது. கேட்க ஆளில்லாத இடத்தில் பேச யாருக்கு மனம் வரும்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1884-ஆம் வருடத்துப் பிரெஞ்சு நகராட்சிச் சட்டத்தில் ஒரு சின்ன விதி இருந்தது. மன்றக் கூட்டம் பொதுமக்கள் முன்னால் நடக்க வேண்டும். நடந்ததன் சுருக்கத்தை எட்டு நாளைக்குள் மேரி வாசலில் ஒட்ட வேண்டும். (மேரி என்றால் நகராட்சி அலுவலகம். புதுவைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) வாசலில் ஒட்டிய காகிதத்தை மீன் வாங்கப் போகிறவரும் நின்று படிக்கலாம். பிரெஞ்சுக்காரன் உயர்ந்தவன் என்று சொல்ல வரவில்லை. அதே புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. விதி இருந்து என்ன, மன்றமே இல்லையென்றால்?

நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை, ஐந்து வருடங்களுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர் ஒருவரே மன்றம். அவர் கேட்டு அவரே ஏகமனதாக அனுமதித்துக்கொள்வார். ஊர் எதிர்த்ததா? சொத்து வரியைக் கட்டிவிட்டு நாம் பேசாமல் இருந்தோம்.

கல்வராயன் மலைக்காரர்களை நாம் பின்தங்கியவர்கள் என்கிறோம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. ஆனால் இன்று அங்குள்ள ஒரு விவசாயி கிராம சபையில் எழுந்து நின்று ஊராட்சிக் கணக்கைக் கேட்கலாம். தீர்மானத்தில் கையெழுத்துப் போடலாம். டவுனில் இருக்கிற நமக்கு அப்படி ஒரு சபை 2022-ல்தான் கிடைத்தது. அந்த வருடம் நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. உங்கள் பகுதியில் கடைசியாக எப்போது கூடியது? எத்தனை பேர் போனீர்கள்?

ஆலோசனைக் குழுக்கள் கதையும் இதுதான். பழங்குடியினர் ஆலோசனைக் குழு என்று அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையிலேயே ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் உண்டு. அது எப்போது கூடியது, என்ன சொன்னது என்று வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருப்பவருக்கு யார் சொல்வது?

இதெல்லாம் சில்லறை விஷயம் என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: கருணாபுரம். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இடம் மலை உச்சியில் இல்லை. நம் டவுனுக்குள் இருக்கிறது. சாராயம் போலீஸ் விஷயம், நகராட்சிக்கு என்ன சம்பந்தம் என்பீர்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அந்தத் தெருப் பெண் ஒருத்தி சபையில் எழுந்து, "எங்க தெருவுல விக்கிறாங்க" என்று சொல்லி, அது தேதியோடு புத்தகத்தில் ஏறியிருந்தால்? "என் கவனத்துக்கு வரவில்லை" என்று பிறகு எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. அரசாங்கத்தில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. எழுத்தில் இருப்பதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு குமாஸ்தாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டப் பொருளை முன்கூட்டியே ரேஷன் கடை வாசலில் ஒட்டுங்கள். தீர்மானத்தை ஒரு வாரத்துக்குள் அதே இடத்தில் ஒட்டுங்கள். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயரோடு எழுதுங்கள். இது சலுகை இல்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் மன்றங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பென்ஷன் வாங்குகிற நம்மைவிட நேரம் யாரிடம் இருக்கிறது? மாதம் ஒரு காலை நடையைக் கூட்டம் நடக்கிற பக்கம் திருப்பினால் போதும். அந்தக் காலிப் பெஞ்சில் நாலு நரைத்த தலைகள் உட்கார்ந்திருந்தால், உள்ளே இருக்கும் எழுத்தர் 'ஏகமனதாக' என்று முன்கூட்டியே எழுதத் தயங்குவார்.

நானாக இருந்தால் தயங்கியிருப்பேன்.