ஊகம் அல்ல, அளவை

பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் கிடக்கும் முகிலில் இன்ன கரிமச் சேர்மம் இருக்கிறது என்று வானியலாளர்கள் அறிவிப்பதெல்லாம் ஊகம், அங்கே போய் யாரும் ஒரு சிட்டிகை அள்ளி வரவில்லை என்பது பரவலான பேச்சு. மாதிரி கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் அளவை இருக்கிறது. எந்த மூலக்கூறும் நினைத்த வேகத்தில் சுழல முடியாது. அதன் சுழற்சி ஆற்றல் படிப்படியாகவே மாறும். ஒரு படி இறங்கும்போது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வானொலி அலை வெளிவரும். அதுவே நிறமாலைக் கோடு. அணுக்களின் நிறையும் அவை அமைந்த வடிவமும் அந்த அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. அதை ஆய்வகத்தில் அளந்து வைத்துக்கொண்டுதான் வானத்தில் தேடுகிறார்கள்.

ஒரு கோடு எதற்கும் பொருந்துமே என்பது முதல் ஆட்சேபம். ஒரே ஒரு கோடு என்றால் அது சரிதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகத்தின் ஒரு விட்டம் மட்டும் சரியாக இருந்தால் அது தேறாது. வரைபடத்தில் உள்ள எல்லா அளவும் பொருந்த வேண்டும். இங்கும் அதே கண்டிப்பு: கோடுகள் தத்தம் இடத்தில், உரிய வலிமையோடு வர வேண்டும், அனைத்தும் முகிலின் ஒரே வேகத்தைக் காட்ட வேண்டும். 2003இல் கிளைசின் என்ற அமினோ அமிலம் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. வந்திருக்க வேண்டிய முக்கியக் கோடுகளைக் காணோம் என்று 2005இல் வேறொரு குழு அதை நிராகரித்தது.

எதிர்பார்த்ததையே பார்க்கிறார்கள் என்பது அடுத்தது. நடந்தது நேர்மாறு. ரிஷப ராசித் திசையில் உள்ள டிஎம்சி-1 முகிலின் வெப்பநிலை சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி அங்கே 2018இல் பென்சோநைட்ரைலையும், 2021இல் அந்துருண்டை நாஃப்தலீனின் உறவான சயனோநாஃப்தலீனையும் கண்டது. பின்னதன் அளவு கணினிக் கணிப்புகளைவிடப் பன்மடங்கு அதிகம். அதே ஆண்டு இண்டீனை கிரீன் பேங்கும் ஸ்பெயினின் யெபெஸ் தொலைநோக்கியும் தனித்தனியே கண்டன. 2024இல் நான்கு வளைய சயனோபைரீனும் சேர்ந்தது.

பென்சீனைக் காட்டாமல் பென்சோநைட்ரைலைக் காட்டுவது ஏய்ப்பு அல்லவா? இல்லை. பென்சீனில் மின்னூட்டம் சமச்சீராகப் பரவியிருப்பதால் அதன் சுழற்சி வானொலியில் ஊமை. சயனோ தொகுதி ஒட்டிப் பென்சோநைட்ரைல் ஆகும்போது கேட்கும். இதை வைத்துப் பென்சீனின் அளவைக் கணிப்பதில் ஐயத்துக்கு இடமுண்டு. பென்சோநைட்ரைல் இருப்பதில் இல்லை.

இது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. ஊட்டி அருகே முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப் எழுப்பிய 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை. பெரிய மூலக்கூறுகளைத் தேடும் கிகாஹெர்ட்ஸ் அலைகள் அதற்கு எட்டாது. ஆயினும் விண்மீன்களுக்கு இடையே உள்ள கரி அணுக்களின் கோடுகளை அது பதிவு செய்திருக்கிறது. அணுவானாலும் மூலக்கூறானாலும் அடையாளம் சொல்வது அதிர்வெண்தான். மறுக்க விரும்புவோர் தொலைவைக் காட்டிப் பயனில்லை. வர வேண்டி வராத கோட்டைக் காட்டட்டும்.