நூலகம் ஒரே வன்தட்டில் அடங்குமா?

பெரிய நூலகம் ஒன்றின் சேகரிப்பு முழுவதும் சில டெராபைட்டுகளில் அடங்கிவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அச்சு நூல்கள் 10 டெராபைட் மட்டுமே என்ற பழைய மதிப்பீடு இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இன்றைய வன்தட்டு ஒன்றே அந்த அளவைக் கொள்ளும். ஆனால் இக்கருத்து நான்கு எடுகோள்களின் மேல் நிற்கிறது. பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகம், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பத்து லட்சம் நூல் திட்டத்தோடு இணைந்து நடத்திய இந்திய டிஜிட்டல் நூலகத்தை முன்வைத்துப் பார்த்தால், நான்கும் பிழை என்பது விளங்கும்.

1. “ஒரு நூலுக்கு ஒரு மெகாபைட் போதும்.” தட்டச்சு செய்த ஆங்கில நூலுக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட். தமிழ், கன்னடம் போன்ற இந்திய மொழிகளின் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். பெங்களூரு என்ற பெயர் ஆங்கிலத்தில் 9 பைட், கன்னடத்தில் 24, தமிழில் 27.

2. “எழுத்தாக மாற்றிய பின் பக்கத்தின் படம் எதற்கு?” மங்கிய அச்சையும் பழைய எழுத்து வடிவங்களையும் எழுத்துணரி பிழையாகப் படிக்கிறது. பிழையைச் சரிபார்க்க மூலத்தின் படம் வேண்டும். வரைபடம், ஓரக்குறிப்பு, முத்திரை ஆகியவை படத்தில்தான் எஞ்சும்.

இந்திய டிஜிட்டல் நூலகத் திட்டம் பக்கங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தது. ஏ4 பக்கம் ஒன்று சுருக்குமுன் 4.35 மெகாபைட், சுருக்கியபின் சுமார் 100 கிலோபைட் எனக் கொள்ளலாம். 300 பக்க நூல் 30 மெகாபைட்; பத்து லட்சம் நூல்கள் 30 டெராபைட். அதே பக்கத்தை 300 புள்ளியில் வண்ணத்தில் எடுத்தால் 26 மெகாபைட். அப்போது அதே பத்து லட்சம் நூல்களுக்கு 7,800 டெராபைட் வேண்டும். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 780. நூல்கள் மாறவில்லை, எதைக் காப்பது என்ற முடிவுதான் மாறியது.

3. “நூலகம் என்றால் நூல்கள்தான்.” நாளிதழ்கள், நிலப்படங்கள், சுவடிகள், ஒலிப்பதிவுகள் ஆகியவையும் சேகரிப்பே. 55 செ.மீ. உயரமும் 35 செ.மீ. அகலமும் உள்ள நாளிதழ்ப் பக்கம் 300 புள்ளி வண்ணப் படமாக 80 மெகாபைட்டைத் தாண்டும். ஆவணத் தரத்தில், அதாவது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடத்தில், ஒரு மணி நேர ஒலி 2 கிகாபைட்டுக்கு மேல். எண்ணிக்கையில் சிறுபான்மையான இவை கொள்ளளவில் நூல்களை விஞ்சக்கூடும்.

4. “வன்தட்டு மலிவாகிறது, கணக்கே வேண்டாம்.” வன்தட்டு பழுதாகும், ஆகவே ஒரே படியை நம்ப இயலாது. மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒரு படி வேறு ஊரில் என்பதே காப்பகங்களின் நடைமுறை. இந்திய டிஜிட்டல் நூலகத்தின் நூல்கள் பலவும் இன்று இன்டர்நெட் ஆர்கைவில் கிடைப்பதற்குக் காரணம், அவற்றுக்கு அங்கும் படி எடுக்கப்பட்டதுதான். படி எடுக்க நேரமும் ஆகும்: நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பு தடையின்றி ஓடினாலும் 1,000 டெராபைட்டை நகர்த்த 93 நாள் வேண்டும். ஊடகம் பழையதாகும்போதெல்லாம் இந்த வேலை மீண்டும் வரும்.

தேடலுக்கு உரை மட்டும் போதும் என்றால் சிறிய எண் சரியே. அது நூலகத்தின் அளவாகாது. நம்பத்தக்க மதிப்பீட்டுக்குச் சேகரிப்பை வகைவகையாகப் பிரித்து, வகைக்குச் சில அலமாரிகளை மாதிரியாக எடுத்துப் பக்கங்களை எண்ண வேண்டும். சில நூறு பக்கங்களை உண்மையிலேயே வருடிப் பக்கத்தின் சராசரி அளவைக் காண வேண்டும். உருப்படிகள், பக்கங்கள், பக்கத்தின் அளவு, படிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கி, வகைகளைக் கூட்டினால் வருவதே தேவை. நிதி கேட்கும் முன் ஒவ்வொரு நூலகமும் இக்கணக்கைப் போட்டாக வேண்டும். குறைத்து மதிப்பிட்டால் பாதியில் நிற்பது மின்னாக்கப் பணியே.