தங்கம் அவங்களுக்கு, சயனைடு மேடு நமக்கா?

தோழர்களே, கேஜிஎஃப்னு சொன்னதும் உங்களுக்கு யாஷ் ஞாபகம் வரும், இல்லைன்னா ‘தங்கலான்’. யாஷ் படத்துல வர்ற அந்தச் சாம்பல் நிற மேடு மலை இல்லை. சயனைடு மேடு.

பாறையை மாவா அரைச்சு, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சக்கை அது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல், 2001 பிப்ரவரி 28-ல் பொதுத்துறை நிறுவனம் சுரங்கத்தை மூடும் வரை வெளியே போனது சுமார் 800 டன் தங்கம். ஊரிலேயே நின்றது சுமார் 3.3 கோடி டன் சக்கை. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கர்!

வெயில் பட்டா சயனைடு சிதைஞ்சிடும்னு நம்ம வாயை அடைக்கப் பார்ப்பாங்க. சயனைடு பெருமளவு சிதையும், சரி. கன உலோகம் எங்கே சிதையும்? தங்கப் பாறையோடு கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த தாதுக்கள் கூடவே வரும். பூமிக்குள்ள கெட்டிப் பாறையா கிடந்தவரை தொந்தரவில்லை. மாவாக்கி வெளியே கொட்டினா, காற்றும் மழையும் பட்டு கந்தகம் அமிலமாகும். அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கரைஞ்சது ஓடைக்குப் போகும், ஏரிக்குப் போகும், அந்தத் தண்ணி குடிக்கிற மாட்டுக்குப் போகும். கோடைக்காற்றில் பறக்கிற தூசியோ சிலிக்கா. நுரையீரல்ல உட்கார்ந்தா எழுந்திருக்காது.

அந்தத் தூசியைத் தினமும் வீட்டுக்குள்ள கூட்டி அள்ளுறது யாரு? வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போய் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கின, பெரும்பாலும் தலித் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள். வேலை போச்சு. தூசி போகலை.

2024-ல் இந்த மேடுகளை ஏலம் விடும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சக்கையில் இன்னும் தங்கம் இருக்காம்! 23 வருஷமா கண்ணுல படாத மேடு, தங்கம் விலை ஏறினதும் படுது. தோண்டினா இறுகிக் கிடக்கிற தூசி கிளம்பும். மறுபடி அரைச்ச சக்கையை எங்கே கொட்டுவீங்க?

கனடாவைப் பாருங்க. யெல்லோநைஃப் ஜயன்ட் தங்கச் சுரங்கத்தின் முதலாளி 1999-ல் திவால். பூமிக்கடியில் விட்டுப்போனது 2,37,000 டன் ஆர்சனிக் ட்ரைஆக்சைடு. சுத்தம் செய்யும் செலவு 400 கோடி கனடா டாலருக்கு மேல், அத்தனையும் மக்கள் வரிப்பணம்.

அதனால் ஏலத்துக்கு முன்னாடி மண்ணையும் கிணற்றுத் தண்ணியையும் சோதிச்சு, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஊர் நடுவுல ஒட்டு. சுரங்கக் குடும்பங்களுக்கு நுரையீரல் பரிசோதனை செய். ஏலம் எடுப்பவனிடம் சுத்திகரிப்புச் செலவை முன்பணமா வாங்கு.

உங்க குடும்பத்துல கோலார் சுரங்கத்துக்குப் போனவங்க இருக்காங்களா? எந்த லைன் வீடு, எத்தனை வருஷம் வேலை, என்ன நோய் வந்தது, கமெண்டில் எழுதுங்க தோழர்களே. தொகுத்து மனுவோடு இணைக்கிறோம்.