கசிந்ததா, கசியவிட்டார்களா?

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலை, இஞ்சிவிளை போன்ற எல்லையூர்களில் ஒரே செய்தி இரண்டு மொழிகளில் வந்து சேர்கிறது. மலையாள நாளிதழ் ‘விவரங்ஙள் சோர்ந்நு’ என்று எழுதும். களியக்காவிளைப் பக்கமிருந்து வரும் தமிழ் நாளிதழ் ‘தகவல்கள் கசிந்தன’ என்று எழுதும். சொற்கள் வேறு, இலக்கணம் ஒன்றுதான். இரண்டும் தன்வினைகள். கூரை ஒழுகுவதைப் போல, மண்பானை கசிவதைப் போலத் தகவல் தானாகவே வெளியேறிவிட்டதாக அவ்வாக்கியங்கள் சொல்கின்றன. வெளியேற்றியவர் யார், காக்கத் தவறியவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த வினைமுற்றுகளில் இடமில்லை.

‘கண்ணீர் சோர’ என்னும்போது தமிழும் அதே வினையைத்தான் ஆள்கிறது. மலையாளத்தில் அதன் பிறவினையான ‘சோர்த்துக’ என்பதற்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. அரசு ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்பதை மலையாளிகள் ‘ஃபோண் சோர்த்தல்’ என்கிறார்கள். அலுவலக ஊழியர் ஊழல் கோப்பை வெளியே தருவதும், காவல்துறை ஒரு குடிமகனின் பேச்சைக் களவாகக் கேட்பதும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. தமிழ் முன்னதைக் ‘கசியவிடுதல்’ என்றும் பின்னதை ‘ஒட்டுக்கேட்டல்’ என்றும் பிரித்துவைத்திருக்கிறது. தகவல் கசிவின் அறத்தைப் பேசுகிறவர்கள் தொடங்கவேண்டிய இடம் இந்த வேறுபாடுதான். வெளியேறியது யாருடைய இரகசியம்? அதிகாரத்தில் இருப்பவருடையதா, அதிகாரத்திடம் தன் விவரங்களை ஒப்படைக்க நேர்ந்தவருடையதா?

இக்கேள்வி நெய்யாற்றின்கரைக்குப் புதிதன்று. 1878இல் அவ்வூரில் பிறந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி நடத்திய ‘சுவதேசாபிமானி’ இதழின் ஆசிரியராக இருந்து திருவிதாங்கூர் நிர்வாகத்தின் ஊழல்களை அச்சேற்றினார். 1910 செப்டம்பர் 26இல் இதழ் தடைசெய்யப்பட்டது, அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது, ஆசிரியர் விசாரணையின்றித் திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். 1916இல் கண்ணூரில் இறக்கும்வரை அவர் திருவிதாங்கூருக்குத் திரும்பவில்லை. தவறு செய்தவர்களை விட்டுவிட்டுத் தவறைச் சொன்னவரை எல்லைக்கு வெளியே அனுப்பிய அந்த ஆணையை இன்றைய நிறுவனங்களின் எதிர்வினைகளுக்கு முன்மாதிரி என்றே கொள்ளலாம்.

ஆனால் ராமகிருஷ்ண பிள்ளையை வெறும் தியாகச் சிலையாக நிறுத்திவிட்டு நகர்வதும் சரியன்று. அவர் திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தோடு நிற்காமல் தனியொழுக்கத்தையும் சாடினார் என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது. அக்குறையில் நியாயம் உண்டு. பொதுப் பணத்தின் கணக்கும் படுக்கையறையின் கதையும் ஒரே இதழில் வந்தால் வாசகர் முதலில் எதைப் படிப்பார் என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும், அவர் குறிவைத்த இலக்கு நாட்டின் மிக உயர்ந்த அதிகாரி. எழுதியவர் தன் பெயரோடு, தன் முகவரியோடு எழுதினார், விலையும் கொடுத்தார். இவ்விரண்டும் பின்வருவனவற்றோடு ஒப்பிடத் தேவைப்படும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தில் 2024இல் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். ‘சென்ஸென்’ என்ற புனைபெயரில் ஒருவர், 3.1 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் 7.24 டெராபைட் தரவு தம்மிடம் இருப்பதாக அறிவித்து, டெலிகிராமில் தானியங்கி உரையாடல் கணக்குகளை அமைத்து அவற்றின் வழியே ஆவணங்களை வழங்கினார். கேட்டவருக்கெல்லாம் மாதிரிகள் இலவசம், மொத்தமாக வேண்டுவோருக்கு விலை. செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் அதைச் செய்தியாக்கியது. அச்செய்தியில் விவரிக்கப்பட்ட ஆவணங்களுள் ஒன்று, கேரள மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்ற ஒரு வயதுப் பெண் குழந்தையுடையது. நோயறிதல், இரத்தப் பரிசோதனை முடிவு, முந்தைய மருத்துவ வரலாறு, ஏறக்குறைய 15,000 ரூபாய்க்கான கட்டணச் சீட்டு எல்லாம் அதில் இருந்தன. செய்தியாளர் கேட்கும்வரை அக்குழந்தையின் தந்தைக்கு நிறுவனம் எதையும் தெரிவித்திருக்கவில்லை.

நிறுவனத்தின் எதிர்வினை படிப்படியாக அமைந்தது. முதலில், பெரிய அளவில் பாதிப்பில்லை, முக்கியத் தகவல்கள் பாதுகாப்பாகவே உள்ளன என்ற அறிக்கை. அடுத்து, டெலிகிராம், கிளவுட்ஃபிளேர், அடையாளம் தெரியாத அந்த நபர் ஆகியோர்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் அக்கணக்குகளை முடக்கச் சொல்லும் இடைக்கால ஆணையும். பிறகு அக்டோபரில், திட்டமிட்ட இணையத் தாக்குதலுக்குத் தாம் இலக்கானதாக ஒப்புதல். ஊடுருவியவர் 68,000 டாலர் கேட்டு மிரட்டியதும் அம்மாதமே வெளிவந்தது. இவற்றுள் வழக்குத் தொடுத்ததைக் குறைசொல்ல முடியாது. பரவலைத் தடுக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் அவ்வறிக்கைகளில் வினைகள் மாறிய விதத்தைப் பார்க்கவேண்டும். தொடக்கத்தில் எதுவுமே நிகழவில்லை. பிறகு நிகழ்ந்தது, நிகழ்த்தியவர் எதிரி, பாதிக்கப்பட்டவர் நிறுவனம். தன்வினையிலிருந்து நேரே செயப்பாட்டு வினைக்குத் தாவும் இந்த இலக்கணத்தில், அக்குழந்தையின் தந்தை எழுவாயாகவும் வரவில்லை, செயப்படுபொருளாகவும் வரவில்லை.

ஊடுருவியவரின் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 2025 தொடக்கத்தில் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குத் துப்பாக்கித் தோட்டாக்கள் அடங்கிய பொதிகள் வந்தன. அவற்றை அனுப்பியது தாமே என்றும், காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டவர்களுக்காகவே அப்படிச் செய்ததாகவும் அதே புனைபெயர்க்காரர் ராய்ட்டர்ஸிடம் சொன்னார். அவர் தொட்ட குறை பொய்யன்று. 2023-24இல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் அந்நிறுவனத்தின்மீது 13,000க்கும் மேற்பட்ட புகார்கள் சென்றன. நலக்காப்பீட்டு நிறுவனங்களுள் அதுவே முதலிடம். ஆனால் யாருக்காகப் பழிவாங்குவதாகச் சொன்னாரோ அவர்களுடைய மருத்துவ அறிக்கைகளைத்தான் அவர் விற்பனைக்கு வைத்தார். களஞ்சியத்தில் நெல் பதுக்கியவனைத் தண்டிக்க, அதில் நெல்லைச் சேமித்து வைத்த உழவர்களின் மூட்டைகளைத் தெருவில் கொட்டுவதற்கு நிகர் இது. இதைப் போராட்டம் என்று அழைக்க எந்த அரசியல் கோட்பாடும் இடம் தராது.

இணைய ஊடுருவல் அனைத்தையும் இந்த ஒரே கணக்கில் சேர்க்கவும் முடியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது, மாட்டிறைச்சி உண்ணும் மலையாளிகளுக்கு உதவக்கூடாது என்ற பொருளில் அகில பாரத இந்து மகாசபைத் தலைவர் ஒருவர் பேசினார். ‘கேரள சைபர் வாரியர்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட குழுவினர் அவ்வமைப்பின் இணையதளத்தில் புகுந்து, நாட்டு மாட்டிறைச்சிக் கறி சமைக்கும் முறையைப் பதித்துவிட்டுப் போனார்கள். சட்டப்படி குற்றந்தான். ஆயினும் அதில் எவருடைய இரத்தப் பரிசோதனையும் வெளிவரவில்லை, எவரிடமும் பணம் கேட்கப்படவில்லை, பதிலின் அளவு பேச்சின் அளவைத் தாண்டவில்லை. இரவில் எதிரியின் சுவரில் எழுதிவிட்டுப் போகும் பழைய வழக்கம் புதிய சுவருக்கு மாறியிருக்கிறது. (செய்முறையில் தேங்காய்க்கொத்து உண்டா இல்லையா என்பது பற்றி அன்றைக்கு நடந்திருக்கக்கூடிய விவாதம் வேறு.) ஆனால் முகமூடி அணிந்தவர்கள் நாளை எந்தச் சுவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. அப்படிப்பட்ட குழுக்களை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் அவற்றின் கவர்ச்சியும் ஆபத்தும்.

எல்லையூர்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் மருத்துவமனையும் இருபுறமும் இருப்பவர்கள் அதன்பின் இரண்டு அரசுகளிடமும் விண்ணப்பிக்கப் பழகினார்கள். 2020 பெருந்தொற்றின்போது இஞ்சிவிளைச் சோதனைச்சாவடியைக் கடக்கக் கேரளத்தின் ‘ஜாக்ரதா’ தளத்தில் பதியவேண்டும். மறுபுறம் செல்லத் தமிழக அரசின் இணைய அனுமதிச் சீட்டு வேண்டும். பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி, போகும் காரணம் ஆகியவை இரண்டு களஞ்சியங்களிலும் சேர்ந்தன. ‘தரமாட்டேன்’ என்றவர் வீட்டிலேயே இருக்கவேண்டியதுதான். சம்மதம் என்ற சொல்லை அந்த வரிசையில் நின்றவர்களிடம் உச்சரிப்பது கடினம்.

அதே ஆண்டு ஏப்ரலில், தனிமைப்படுத்தப்பட்டவர்களின் உடல்நல விவரங்களை அமெரிக்க நிறுவனமான ஸ்பிரிங்க்ளரிடம் கேரள அரசு ஒப்படைத்தது சர்ச்சையானது. ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம், அடையாளங்களை நீக்கிய பிறகே தரவைத் தரவேண்டும், மூன்றாம் தரப்பு அணுகுவதை மக்களுக்குச் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும் என்று இடைக்கால ஆணையிட்டது. இங்கே எதுவும் கசியவில்லை, யாரும் புகவில்லை. வாசல் வழியாக, ஒப்பந்தத்தோடு போனது. கசிவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் இவ்வகைப் பரிமாற்றம் கண்ணிலேயே படாது.

கசிவைச் சுட்டிக்காட்டுபவருக்கு நேர்வது என்ன? 2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்க வழி கிடைக்கிறது என்று ‘தி டிரிபியூன்’ செய்தி வெளியிட்டது. ஆதார் ஆணையம் தந்த புகாரின்பேரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. எதிர்ப்பு வலுத்த பிறகே பத்திரிகைச் சுதந்திரத்தை மதிப்பதாக ஆணையம் விளக்கம் அளித்தது. 2023 ஜூனில், கைபேசி எண்ணை இட்டால் கோவின் தளத்தில் பதிந்த தடுப்பூசி விவரங்களைத் தரும் டெலிகிராம் கணக்கொன்றை மலையாள ஊடகங்கள் முதலில் வெளிக்கொணர்ந்தபோது, அச்செய்திகள் ஆதாரமற்றவை, விஷமத்தனமானவை என்று மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. அதே மாதத்தில் அவ்வழக்கில் பீகாரிலிருந்து ஒருவர் கைதுசெய்யப்பட்டார்.

ஊடுருவியவர்கள் இல்லாவிட்டால் நிறுவனங்கள் எதையும் ஒப்புக்கொள்ளா என்று சொல்வோர் உண்டு. வலுவான வாதம்; ஆனால் நடந்தவை அதைத் தாங்கவில்லை. ஸ்டார் ஹெல்த் விவகாரத்தை வெளிக்கொணர்ந்தவர், வாங்குபவர்போல் அணுகி உறுதிசெய்த பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரும், சில ஆவணங்களை மட்டும் உரியவர்களிடமே சரிபார்த்த செய்தியாளரும். 3.1 கோடிப் பேரின் கோப்புகளைப் பரப்பாமலேயே உண்மை நிறுவப்பட்டது. 2016 பனாமா ஆவணங்களிலும் 1.15 கோடிக் கோப்புகள் மொத்தமாகக் கொட்டப்படவில்லை. பொதுநலனுக்கு உரியவற்றைச் செய்தியாளர்கள் பிரித்தெடுத்தனர். மாறாக, 2011இல் அமெரிக்கத் தூதரகச் செய்திகளைப் பெயர் மறைக்காமல் விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது, அதோடு அதுவரை ஒத்துழைத்த நாளிதழ்களே அதைக் கண்டித்தன.

சட்டம் இவ்வேறுபாட்டை அறியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகள் உரிமையாளரின் அனுமதியின்றி நுழைவதைப் பொதுவாகத் தடுக்கின்றன. ஓட்டையைக் கண்டு சொல்ல நுழைந்தவருக்கென்று தனிப் பாதுகாப்பு எதையும் தரவில்லை. 2014ஆம் ஆண்டின் ஊழல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. வந்தாலும் தனியார் நிறுவன ஊழியரைக் காக்காது. 2022இல் வந்த ஆணைப்படி, பாதுகாப்பு மீறலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கவேண்டும். அரசுக்குத்தான், உரியவருக்கு அன்று. உரியவருக்கும் தெரிவிக்கவேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவருகிறது. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை தண்டம். அத்தொகை இந்தியத் தொகுநிதியில் சேரும். இழப்பீடு கேட்க வழிசெய்த பழைய 43அ பிரிவையோ இச்சட்டம் நீக்கிவிடுகிறது.

கல்விப்புலமும் இதில் வெளியாள் அன்று. 2003இல் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட என்ரான் ஊழியர்களின் மின்னஞ்சல்கள் மொழியியலின் புகழ்பெற்ற தரவுத்தொகுதியாயின. குற்றத்தில் பங்கில்லாத ஊழியர்களின் குடும்பச் செய்திகளையும் சேர்த்தே அத்துறை இருபது ஆண்டுகளாகச் சொல்லடைவு எடுத்துவருகிறது. ஆஷ்லி மேடிசன் தளத்திலிருந்து 2015இல் திருடப்பட்ட உறுப்பினர் பட்டியலை வைத்து ஆய்வுக்கட்டுரைகள் வந்துள்ளன. இந்திய மொழிகளில் மருத்துவ உரைத்தரவு அரிது என்று ஒவ்வொரு கருத்தரங்கிலும் சொல்லப்படுகிறது. டெலிகிராமில் இறங்கிய கோப்புகளில் அவ்வுரை ஏராளம். நாளை ஓர் ஆய்வாளர் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு அதைக் கொண்டு மொழிமாதிரி பயிற்றுவிக்க விண்ணப்பித்தால், துறையின் அறநெறிக்குழு அவரிடம் முதலில் கேட்கவேண்டியது பெயர் நீக்கும் முறையைப் பற்றியன்று, அக்கோப்பு எவர் கையிலிருந்து வந்தது என்பதை. விண்ணப்பத்தில் ‘இணையத்தில் கிடைத்தது’ என்று எழுதியிருந்தால், எழுவாயை நிரப்பித் தருமாறு சொல்லித் திருப்பி அனுப்பலாம்.